சோலைமலை அழுத்திச் சொன்ன ‘கேன்’

இலங்கை மலையகத்தில், நோட்டன் பிரிட்ஜில் ஆட்டோ ஓட்டும் சோலைமலைக்கு ஐம்பது வயது. அவருடைய ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் படித்ததல்ல. பதினேழு வருடமாகப் பின் சீட்டில் உட்கார்ந்து வந்த வெள்ளைக்காரர்கள் பேசக் கேட்டுப் பிடித்துக்கொண்டது. தெரிந்த வார்த்தைகள் கொஞ்சம்தான். அதனால் ஒவ்வொன்றையும் ஆணி அடிப்பது போல அடித்துச் சொல்வார்.

போன பெப்ரவரியில் ஓர் அமெரிக்கத் தம்பதி மேட்டு பங்களாவில் தங்கியிருந்தார்கள். மனைவியின் பெயர் டோரதி. மறுநாள் காலை ஆறு மணிக்கு ஹட்டன் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும், வர முடியுமா என்று அந்த அம்மா சோலைமலையிடம் கேட்டார்.

“ஐ கேன் கம்,” என்றார் சோலைமலை. வாக்குக் கொடுக்கிற சொல் ‘கேன்’தானே என்று மொத்த பாரத்தையும் அதன்மேல் இறக்கினார். சம்மதத்துக்கு அடையாளமாகத் தலையையும் இரண்டு பக்கமும் ஆட்டினார். டோரதியின் முகம் வாடிவிட்டது. ஊரை விட்டுப் போகிற கவலையாக்கும் என்று நினைத்துக்கொண்டு சோலைமலை வீட்டுக்குப் போனார்.

காலையில் அவர் மேடேறியபோது, பங்களா வாசலில் இன்னோர் ஆட்டோ நின்றது. அதே ஸ்டாண்டில் ஓட்டும் அழகன் அதில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தான்.

“அண்ணே, உங்களால வர ஏலாதுனு சொன்னீங்களாமே?” என்றான்.

சோலைமலை நேரே டோரதியிடம் போய், தான் ‘கேன்’ என்றுதான் சொன்னதாகச் சொன்னார். அந்த அம்மாவுக்கோ மறுபடியும் ‘கேன்ட்’ என்றே கேட்டது. இன்னும் சத்தமாகச் சொன்னார். முடியாது என்பதை இத்தனை கோபமாகச் சொல்ல எதற்கு இந்த மனிதர் இவ்வளவு தூரம் வந்தார் என்று டோரதி கணவரைப் பார்த்தார். அவர்கள் ஊரில் மறுப்புக்கு ஆட்டுவது போலவே சோலைமலை தலையையும் பலமாக ஆட்ட, விஷயம் முற்றிலும் கெட்டது.

கடைசியில் பங்களாவில் சமைக்கும் றொசானா வந்து, இவர் வருகிறேன் என்றுதான் சொல்கிறார் என்று விளக்கினார். பெட்டிகளும் கணவரும் அழகனோடு போக, டோரதி சோலைமலையின் ஆட்டோவில் ஏறினார்.

வழியில் டோரதி பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அவர்கள் ஊரில் ‘கேன்ட்’டின் கடைசி எழுத்து பாதி காதில் விழாது. அதனால் ‘கேன்’ என்பதை அழுத்திச் சொன்னால் ‘முடியாது’ என்று அர்த்தம், விழுங்கிச் சொன்னால் ‘முடியும்’ என்று அர்த்தம். சோலைமலைக்கு மனசே ஆறவில்லை. கொடுக்கிற வாக்கை எப்படி விழுங்குவது?

இருந்தாலும் இரண்டு மாதம் பழகினார். ‘ஐ கேன் கம்’ தேய்ந்து ‘ஐக்கங்கம்’ ஆனது. அது என்ன லேகியம் என்று மனைவி நாகலெட்சுமி கேட்டார்.

ஏப்ரலில் ஒரு ஜெர்மன்காரர் லக்சபான நீர்வீழ்ச்சிக்கு வர முடியுமா என்று கேட்டார். சோலைமலை பெருமையோடு “ஐக்கங்கம்” என்றார். ஜெர்மன்காரருக்குப் புரியவில்லை. மூன்று தரம் சொல்லியும் புரியவில்லை. அலுத்துப்போய்ப் பழையபடி “ஐ கேன் கம்” என்று ஆணி அடித்தார். உடனே அந்த மனிதர் முகம் மலர்ந்து ஆட்டோவில் ஏறிவிட்டார். அவருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லையாம், கற்றுக்கொண்டதுதானாம்.

ஆளுக்கொரு ‘கேன்’ வைத்துக்கொள்ள வேண்டுமா என்று அன்று சாப்பிடும்போது புலம்பினார்.

“ஏங்க, வெறும் ‘எஸ்’னு சொல்லிட்டா என்னாங்க?” என்றார் நாகலெட்சுமி.

சோலைமலை இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார். மறுநாள் ஸ்டாண்டில் அழகனைக் கூப்பிட்டு, பல மாத ஆராய்ச்சியில் தான் கண்டுபிடித்த ஒரு வார்த்தையைப் பற்றி அரை மணி நேரம் விளக்கினார்.