ஆறுகிற களியும் ஒரு நீண்ட ஜெபமும்

இன்று மதியம் தருமபுரியில் எங்கள் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் ஆண்டு விழா அசனம், அதாவது எல்லோரும் சேர்ந்து உண்ணும் பந்தி.

உலக யுத்தத்தால் அரிசி கிடைக்கவில்லை. கேழ்வரகுக் களிதான். சென்னையிலிருந்து வந்த போதகர் அதைச் சாப்பிடுவாரா என்று செயலாளர் சாமுவேலுக்குக் காலையிலிருந்தே கவலை.

இலைகளில் களி விழுந்த பிறகு எல்லோரும் எழுந்து நின்றோம். போதகர் ஜெபிக்கத் தொடங்கினார். சங்கத்துக்காக, மழைக்காக, போர்முனையில் இருப்பவர்களுக்காக.

சமைத்த ரெபேக்காள் அக்கா பின்னாலிருந்து முணுமுணுத்தார்.

"சாமுவேலு, களி இறுகுதுடா."

"நான் என்னக்கா பண்றது? பெரியவருங்க."

"இண்டூர்ல இருந்து நடந்து வந்தவங்க கல்லையா தின்னுட்டுப் போவாங்க?"

போதகர் மூச்சு வாங்க ஒரு கணம் நிறுத்தினார். சாமுவேல் "ஆமென்" என்றார். பந்தி முழுவதும் "ஆமென்" சொல்லி உட்கார்ந்துவிட்டது.

போதகர் கண் திறந்து சாமுவேலைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து இரண்டு உருண்டை சாப்பிட்டார்.

மாலைக் கூட்டத்தை ஜெபத்தோடு முடிப்பவரும் அவர்தான். விளக்கில் மண்ணெண்ணெயோ கொஞ்சம்தான் இருக்கிறது. சாமுவேல் என்னிடம் வந்து, "இந்தத் தடவை 'ஆமென்' நீங்க சொல்லுங்கய்யா" என்கிறார்.

உங்களில் யாராவது எனக்குப் பதிலாக முன்வரிசைக்கு வருகிறீர்களா?