ரோசலின் அக்காவுக்குச் செய்த பெட்டி

பழுதான கீபோட்டைத் திருத்திறது லேசு, அதை வாசிக்கிற ஆளின்ட உடம்புக்கு ஏத்தமாதிரி மாத்திக் குடுக்கிறதுதான் தலையிடி. என்னைப் போல மட்டக்களப்பு ரவுனில திருத்துற கடை வச்சு மாயிற ஆக்கள் ஆரும் இதை வாசிச்சா, நான் சொல்றது விளங்கும்.

அஞ்சு நிறம்

ரோசலின் அக்கா பனிச்சங்கேணிப் பக்கம் ஒரு சின்ன மெதடிஸ்த ஆலயத்தில இருவது வருசமா கீபோட் வாசிச்சவ. பாரிசவாதம் வந்து வலக்கையும் வலக்காலும் விழுந்துபோச்சு. பிறகு ஆலயத்தில பென் டிரைவ்ல பாட்டைப் போட்டுத்தான் ஆராதனை. அவ சனத்தோட சனமா வாங்கில சும்மா இருந்து கேக்கோணும். அறுப்பின் பண்டிகைக்கு ஒருக்கா வாசிக்க விடச் சொல்லிக் கேட்டிருக்கா. சரிவந்தா இடம் திரும்பவும் அவவுக்கெண்டு சபைச் செயலாளர் சொல்லியிருக்கார்.

இடக்கை மெட்டை வாசிக்கட்டும், மத்தக் கையின்ட வேலையை இடக்கால் பாக்கட்டும் எண்டு அஞ்சு பொத்தான் வச்ச பலகைப் பெட்டி ஒண்டு செய்தன். ஒண்டை மிதிச்சா கீபோட்டில மூண்டு சுரம் சேந்து வரும். ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு நிறம் பூசி வடிவாக் கொண்டு போனன். அக்கா குனிஞ்சு பாத்திட்டுச் சொன்னா: "தம்பி, காலுக்குக் கண் இருக்கா? வாசல்ல கிடக்கிற என்ட பழைய செருப்பை வெட்டி ரெண்டு பொத்தான்ல ஒட்டிவிடு. கால் தடவிப் பாத்துக்கொள்ளும்."

முந்திப் போன பாட்டு

செருப்புத் துண்டு ஒட்டினாப் பிறகு கால் இடம் பிடிச்சிட்டு. ஆனா மிதிக்கக் கொஞ்சம் பிந்துது. எனக்குப் பொறுக்கல்ல. பண்டிகையில பிழைச்சா அவட இடம் போயிருமே. பெட்டியை மடிக்கணினியோட வயர் போட்டு இணைச்சு, கால் பிந்தினா அதுவே நேரத்துக்குச் சுரத்தைத் தட்டிவிடுற மாதிரி செய்தன். பெரிய கெட்டிக்காரன் எண்ட நினைப்பு.

எங்கட சனம் பாட்டை இழுத்துப் பாடுற சனம். ஒவ்வொரு அடி முடிவிலயும் ஆறுதலா மூச்செடுத்துத்தான் மத்த அடிக்குப் போகும். மடிக்கணினி ஆருக்காகவும் நிக்கல்ல. ஒத்திகையில ரெண்டாம் சரணத்துக்குள்ள சுரம் ஒரு அடி முன்னுக்குப் போயிட்டு, பாடினவங்க முழுசிக்கொண்டு நிண்டாங்க. அக்கா கையை எடுத்திட்டா. முகம் வாடிப் போச்சு. "உன்ட பெட்டிக்குத் தாளம் தெரியும், எனக்கு இந்தச் சனத்தைத் தெரியும். அந்த வயரைக் கழட்டு தம்பி."

செயலாளரின்ட பொக்கற்

பண்டிகையண்டு பீடத்துக்கு முன்னால நெற்கதிர், பூசணி, மீன் எல்லாம் படைச்சிருந்திச்சு. செயலாளர் பென் டிரைவைச் சட்டைப் பொக்கற்றில வச்சுக்கொண்டு முன் வாங்கில இருந்தார். நான் கதவடியில நிண்டன். பாட்டுத் தொடங்கினது. கால் பிந்தினது, சனமும் பிந்தினது, ரெண்டும் ஒண்டா வந்து சேந்தது. மூண்டாம் சரணத்தில கால் வழுக்கி ஒரு சுரம் விட்டுப் போச்சு. செயலாளரின்ட கை பொக்கற்றுக்குப் போனது. ஆனா பாடின சனம் பிடிச்ச அடியை விடாம இழுத்துக்கொண்டே நிண்டது, கால் அந்தச் செருப்புத் துண்டைத் தேடிக் கண்டுபிடிக்குமட்டும்.

எனக்குக் கண் கலங்கிட்டு, சொல்ல வெக்கமில்ல. முடிஞ்சு வெளிய வரக்குள்ள செயலாளர் பென் டிரைவை என்ட கையில தந்தார். "நீங்களே கொண்டு போய்க் கேளுங்க தம்பி. எங்களுக்கு ஆள் இருக்கு."

மூண்டு கிழமை மினக்கெட்டு, படிச்ச வித்தையெல்லாம் கொட்டி நான் செய்த அந்தப் பெட்டியில, கடைசியா உதவினது ஒட்டின செருப்புத் துண்டும் கழட்டின வயரும்தான்.