அத்தானை எந்த ஊரில் எண்ணுவது

புயலில் வள்ளம் இழந்தவர்களுக்குப் புது வள்ளம் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் எனக்குக் கணினி வேலை. உட்துறைமுகத்தைப் பார்த்த மாடி அலுவலகம். யன்னலுக்கு வெளியே அவ்வளவு கடல் கிடக்க, நான் நாள் முழுக்க எக்செல் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். முழுதாக உடைந்த வள்ளங்களை ஊரூராக எண்ணிப் பின்னேரத்துக்குள் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். அந்த எண்ணிக்கைப்படிதான் வள்ளம் வரும்.

இறக்கக்கண்டியில் இருக்கும் என் அக்காவின் புருஷனுடைய வள்ளமும் உடைந்தவற்றில் ஒன்று. "எங்கட பேரும் போகுது தானே?" என்று அக்கா காலையிலேயே ஃபோனில் கேட்டுவிட்டாள். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

சூத்திரத்தில் மூன்று நிபந்தனைகள்: வசிக்கும் ஊர், வள்ளம் நிற்கும் கரை, சேதம். மூன்றும் பொருந்தும் வரியை மட்டும் அது எண்ணும். ஊர்க்கணக்குகளைக் கூட்டினால் மொத்தத்துக்கு ஏழு வள்ளம் குறைந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊர்ப்பெயருக்குப் பின்னால் யாராவது வெற்றிடம் விட்டு அடித்திருப்பார்கள் என்று எல்லாவற்றையும் துப்புரவாக்கினேன். ஒரு நிரல் ஒரு வரி தள்ளித் தொடங்குகிறதோ என்றும் பார்த்தேன். அதுவும் இல்லை. சனியன் பிடித்த கணக்கு, தேத்தண்ணி ஆறிப்போயிற்று.

கடைசியில் நிபந்தனைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். கரையைக் கழற்றியதும் ஏழும் வந்துவிட்டன.

அந்த ஏழு வரிகளைப் பிரித்தெடுத்தால், ஏழு பேரும் கலியாணம் முடித்து வேறு ஊருக்குப் போனவர்கள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வள்ளம் வராது. அது தாய் வீட்டுக் கரையில் சகோதரங்களோடு நிற்கும். அத்தானும் அப்படித்தான், விடியமுன்னமே மோட்டார் சைக்கிளில் தாய் வீடு இருக்கும் சல்லிக்குப் போய்த் தொழில் செய்துவிட்டு வருகிறவர். இறக்கக்கண்டியில் எண்ணினால் கரை பொருந்தாது, சல்லியில் எண்ணினால் ஊர் பொருந்தாது. சூத்திரத்தில் ஒரு பிழையும் இல்லை.

மேலதிகாரியிடம் போனேன்.

"சேர், இந்த ஏழு பேரும் ரெண்டு ஊரிலயும் விடுபடுகினம். கரையை எடுத்துவிடுவம்."

"ஏலாது பிள்ளை. ஒரே ஆள் ரெண்டு ஊரிலயும் பதிஞ்சு ரெண்டு வள்ளம் எடுக்கக் கூடாதெண்டு கொழும்பில போட்டது அது."

"இவைக்கு ஒண்டுகூடக் கிடைக்கேல்லையே சேர்."

"அப்ப வள்ளத்தை இப்ப இருக்கிற ஊருக்குக் கொண்டுவந்து பதியச் சொல்லுங்கோ."

"உடைஞ்ச வள்ளத்தை எதில கட்டி இழுத்துக்கொண்டு வாறது?"

கொஞ்சம் சூடாகத்தான் கேட்டுவிட்டேன். மனுசன் கெட்டவரில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆள் தாய் வீட்டு விலாசத்துக்கு மாறட்டும். அங்கதான் இருக்கிறாரெண்டு கிராம சேவகரிட்ட கடிதம் எடுத்தால் அடுத்த சுற்றில சேர்ப்பம்" என்றார்.

பின்னேரம் ஏழு பேரையும் விட்டுவிட்டுக் கணக்கு போயிற்று. அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"கடிதத்தில மட்டும் தானே மாறுறது?" என்று கேட்டாள்.

"ஓம், கடிதத்தில மட்டும்தான்."

கிராம சேவகர் லேசில் நம்புகிற ஆளில்லை. ஆள் அங்கே இருந்தால்தான் கடிதம் என்றுவிட்டார். அத்தான் ஒரு பையில் உடுப்பை எடுத்துக்கொண்டு சல்லிக்குப் போனார். முதலில் ஒன்றுவிட்டொரு நாள் வந்து போனார். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். வள்ளம் வந்த பிறகு அதுவும் இல்லை. விடியக் காலமை ஓடுகிற கரைச்சல் இல்லையாம், தாய்க்கும் உடம்புக்கு ஏலாதாம். அக்கா ஃபோனில் சண்டை பிடித்தாள், அழுதாள், பிறகு எடுப்பதையே விட்டாள்.

இரண்டாம் சுற்று வள்ளங்களையும் கொடுத்து முடித்துக் கடைசிக் கணக்கு எடுத்தபோது, ஊர்க்கணக்குகளின் கூட்டு மொத்தத்தோடு அப்படியே பொருந்தியது. அலுவலகத்தில் எல்லோருக்கும் கேக் வெட்டிக் கொடுத்தார்கள். நான் என் துண்டைக் கடதாசியில் சுற்றி மேசையில் வைத்துவிட்டேன்.

அந்தக் கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கணக்கு சரி வந்திட்டுதாமே" என்றாள். "அப்ப இனி என்ர மனுசனைத் திருப்பி அனுப்பச் சொல்லு."