பனம்பழ நிற முயலும் மஞ்சள் தண்ணீரும்

இந்த வெள்ளிக்கிழமையும் விளக்கேற்றும்போது அந்த மனிதருடைய முகம்தான் முன்னுக்கு வந்தது. பிள்ளையாருக்கு முன்னால் நின்றுகொண்டு ஒருவரைத் திட்டுவது பாவம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் திட்டினேன்.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், கிணற்றடிக்கும் வேலிக்கும் நடுவில் முயல் கூடுகள் வைத்திருக்கிறேன். தோட்டம் என் கணவருடைய பாடு, முயல் என்னுடைய பாடு. நாங்கள் மீன் இறைச்சி என்று மச்சம் தொடாத வீடு. இறைச்சிக்கென்று கேட்டு வருகிறவர்களைப் படலையோடு திருப்பி அனுப்பிவிடுவேன். ஆசைக்கு வளர்க்கிறவர்களுக்கு மட்டும்தான் கொடுப்பது. அவர்கள் தேடி வருவது நிறத்தை. வெள்ளை முயலும் சாம்பல் முயலும் எங்கேயும் கிடைக்கும், அதற்காக ஒருவரும் சண்டிலிப்பாய் வரை வரமாட்டார்கள்.

எனக்கு ஆசை பனம்பழ நிறத்தில். பழுத்த பனம்பழத்தைப் பிசையும்போது தும்பில் ஒரு செம்மஞ்சள் ஒட்டியிருக்குமே, அந்த நிறம். அப்படி ஒரு கடுவன் எனக்குக் கிடைத்தது. அதைச் சாம்பல் பெட்டையோடு சேர்த்தேன். ஏழு குட்டி, ஏழும் சாம்பல். என் கணவர் கூட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "தகப்பன் ஆரெண்டே தெரியேல்லை" என்று சிரித்தார். நான் விடவில்லை. அந்தக் குட்டிகள் வளர்ந்ததும் அவற்றுக்குள்ளேயே சோடி சேர்த்தேன். அடுத்த ஈற்றில், குட்டிகளுக்கு மயிர் அரும்புகிற நாட்களில், சாம்பலுக்கு நடுவில் ஒன்று மட்டும் வேறு மாதிரித் தெரிந்தது. தாயிலும் தகப்பனிலும் தெரியாத நிறம் பேரக்குட்டியில் வந்து நின்றது. நிறம் எங்கேயும் போகவில்லை, உள்ளுக்குள் ஒளித்திருந்திருக்கிறது. அன்றைக்கு மிளகாய்த் தோட்டத்துக்குள் செருப்பில்லாமல் ஓடிப்போய் அவரைக் கூட்டிவந்து காட்டினேன்.

அந்தக் குட்டியைத்தான் வட்டுக்கோட்டைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் கேட்டு வந்தார். உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர். நெற்றியில் மூன்று குறி திருநீறு, நல்ல பேச்சு. பேத்தியின் பிறந்தநாளுக்கு என்றார். கொடுக்க எனக்கு மனமில்லை. ஆனாலும் பிள்ளைக்கு என்று கேட்டபடியால் ஓம் என்றுவிட்டேன்.

எங்கள் வீட்டிலிருந்து எந்த உயிரும் வெறும் உடம்போடு படலை தாண்டாது. ஆட்டுக்குட்டியோ கன்றோ முயலோ, மஞ்சள் தண்ணீர் தொட்டு, நெற்றியில் பொட்டு வைத்துத்தான் அனுப்புவேன். போகிற இடத்தில் கண்ணூறு படாமல் இருக்கட்டும் என்று ஒரு மன்றாட்டம். வழக்கமாக விரலால் தொடுவதோடு சரி. அன்றைக்கு மனம் கேட்கவில்லை. மஞ்சளைக் கொஞ்சம் தடிப்பாகவே கரைத்து, தலையிலிருந்து வால் வரை உள்ளங்கையால் தடவிவிட்டேன். வயிற்று வெள்ளையிலும் பட்டது. பெரியவர் அந்த நேரம் படலைக்கு வெளியே ஒழுங்கையில் காருக்குள் இருந்து போனில் கதைத்துக்கொண்டிருந்தார். மூடிய கூடையைத்தான் கையில் கொடுத்தேன். மஞ்சளைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. திருநீறு பூசிய மனிதருக்கு மஞ்சள் என்றால் என்னவென்று நான் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த நாள் காலையில் போன் வந்தது.

"தங்கச்சி, பிள்ளையின்ரை வெள்ளைச் சட்டை முழுக்க மஞ்சள் பிரண்டு போச்சு. உது சாயம் அடிச்ச முயலோ?"

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "இல்லை ஐயா, அது மஞ்சள் தண்ணி. வழியனுப்பேக்கை தொட்டு விட்டனான்."

"மஞ்சளோ?" என்றார். அந்த ஒரு சொல்லிலேயே அவர் நம்பவில்லை என்று விளங்கிவிட்டது. ஈரத் துணியால் துடைத்துவிடச் சொன்னேன். தண்ணீருக்குள் மட்டும் போடவேண்டாம், முயல் தண்ணீர் தாங்காது, மயிர் காயாமல் குளிர் பிடிக்கும், பயத்திலேயே நெஞ்சு நின்றுவிடும் என்று இரண்டு தரம் சொன்னேன். சரி சரி என்று போனை வைத்தார்.

பின்னேரம் பக்கத்து வீட்டுப் பெண் தன்னுடைய போனைக் கொண்டுவந்து காட்டினாள். வைபர் குழு ஒன்றில் வந்த வீடியோவாம். ஒரு வெள்ளைப் பேசினுக்குள் என்னுடைய முயல். மேலே குழாய் திறந்திருக்கிறது. ஒரு கை அதன் பிடரியை அமர்த்திப் பிடித்திருக்கிறது, மற்றக் கை சம்பூ போட்டுத் தேய்க்கிறது. தண்ணீர் மஞ்சளாக ஓடுகிறது. முயலின் கண் பிதுங்கி நிற்கிறது. பெரியவருடைய குரல் கேட்கிறது: "பாருங்கோ, சாயம் கழருது. சண்டிலிப்பாயிலை முயல் வாங்கிறாக்கள் கவனம்." அதோடு வீடியோ முடிந்துவிட்டது. கழுவி எடுத்த முயல் என்ன நிறத்தில் இருந்தது என்பதைக் காட்டவில்லை.

முயல் சொல்லி வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வேண்டாம் என்றார்கள். சந்திக் கடைக்குப் போனால், "அக்கா, எங்கடை நாய்க்கும் ஒரு நிறம் அடிச்சுத் தருவியளோ?" என்று ஒருவன் கேட்டான். நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். திருவிழாவில் பச்சையும் ரோசாவுமாகச் சாயம் போட்ட கோழிக்குஞ்சுகளைப் பார்த்த சனம், நம்பாமல் என்ன செய்யும்? ஒரு வருடத்துக்கு மேல் கூட்டடியில் குந்தியிருந்து எடுத்த நிறம். அதற்கு எனக்குக் கிடைத்த பெயர் சாயக்காரி.

இதற்கிடையில், வீடியோ பார்த்த மறுநாளே என் கணவரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறி வட்டுக்கோட்டைக்குப் போனேன். முயலைக் கார்க் கொட்டகையில் ஒரு அட்டைப் பெட்டிக்குள் விட்டிருந்தார்கள். வயிற்று மயிர் இன்னும் காயவில்லை. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். நிறத்தில் ஒரு குறைவும் இல்லை, அதே பனம்பழம்.

"ஐயா, சாயம் கழண்டதெண்டால் இது இப்ப என்ன நிறம்? நீங்களே சொல்லுங்கோ."

அவர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார். "அப்ப மஞ்சள்தான் போலை" என்றார்.

"அதையும் வீடியோ எடுத்துப் போடுங்கோ."

"உது முடிஞ்ச கதை, தங்கச்சி. ஆர் இனி உதைப் பாக்கப் போகினம்?" பிறகு பெட்டியைக் காட்டி, "உது தும்மிக்கொண்டிருக்குது. வேறை ஒண்டு மாத்தித் தாரும்" என்றார்.

என் வாயில் என்ன வந்திருக்கும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். பேத்தி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளைக்காக வாயை மூடிக்கொண்டேன். முயலுக்கு அவர் தந்திருந்த காசைக் காரின் மேல் வைத்துவிட்டு, முயலைச் சேலைத் தலைப்பால் சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் செங்கல்லைச் சூடாக்கிச் சாக்கில் சுற்றிப் பக்கத்தில் வைத்தேன். முள்முருக்கு இலையை வாய்க்குக் கிட்டப் பிடித்தேன், திறக்கவில்லை. கொண்டுவந்த மூன்றாம் நாள் கோயிலில் காலைப் பூசை மணி கேட்கும்போது என் மடியில் கால்களை நீட்டிவிட்டது.

செவ்வரத்தைச் செடிக்குக் கீழே என் கணவர் கிடங்கு வெட்டினார். நான் உள்ளே போய் மஞ்சள் கிண்ணத்தை எடுத்துவந்தேன். அவர் மண்வெட்டியை வைத்துவிட்டு விலகி இடம் விட்டார். தலையிலிருந்து வால் வரை தடவினேன். பொட்டும் வைத்தேன். இனி அதை ஆர் கழுவப் போகிறார்கள்.

இப்போதும் ஒருவர் இருவர் முயல் வாங்க வருகிறார்கள். வரும்போதே ஈரத் துணியோடு வருகிறார்கள். எனக்கு முன்னாலேயே முயலின் முதுகைத் துடைத்து, துணியை விரித்துப் பார்க்கிறார்கள்.  மஞ்சள் தொடுவதை விட்டுவிட்டேன். வெறும் உடம்போடு படலையைத் தாண்டுகிற ஒவ்வொரு குட்டியையும் பார்க்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த மனிதர் என்னிடமிருந்து பறித்தது முயலை மட்டும் என்றால் எப்போதோ ஆறியிருப்பேன்.

"விடும், அந்தாளைக் கடவுள் பாத்துக்கொள்ளுவார்" என்று என் கணவர் சொல்லுகிறார். கடவுள் பார்ப்பார்தான். பார்க்க வேண்டிய சனத்துக்கு ஆர் காட்டுவது? அந்த வீடியோ இன்னும் போன் போனாகப் போய்க்கொண்டிருக்கிறது. மன்னிக்கிற மனதைத் தாரும் என்று நான் இதுவரைக்கும் பிள்ளையாரிடம் கேட்கவில்லை. கேட்பேன். முதலில் அந்த மனிதர் வீடியோவின் மிச்சத்தைப் போடட்டும்.