அப்பா கேட்ட இராசவள்ளி

எனக்கு எட்டு வயதாயிருந்தபோது எங்கள் வீட்டு மிளகாய்த்தூள் போத்தல் அலுமாரிக்கு மேலே ஏறிவிட்டது. அப்பாவுக்குக் குடற்புண். ஒருதரம் உள்ளுக்குள் இரத்தம் கசிந்து, யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தவர். உறைப்புக் கூடாது, புளி கூடாது, நார், தும்புள்ள எதுவும் கூடாது என்று டொக்டர் சொல்லியனுப்பியிருந்தார். தோலுரித்து மசித்த உருளைக்கிழங்கு ஆகும். மரவள்ளியும் பனங்கிழங்கும் படலைக்குள்ளேயே வரக் கூடாது. மலம் கறுப்பாகப் போனால் உள்ளே இரத்தம் கசிகிறது, உடனே கொண்டுவர வேண்டும் என்பது கடைசிக் கட்டளை. அம்மா அதை வேதமாகப் பிடித்துக்கொண்டு, காலையில் கக்கூசால் வரும் அப்பாவை மறித்து விசாரிப்பார். நீர்வேலியில் வாழைக்குலை வியாபாரிகளையெல்லாம் பேச்சால் மடக்குகிற மனிதர், தலையைக் குனிந்துகொண்டு "மஞ்சள்தான்" என்பார். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வரும்.

அதே மார்கழியில் அக்காவுக்கு உயர்தரப் பரீட்சை. அவள் டொக்டராகப் போகிறாள் என்று அப்பா சந்தை முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். ஆகவே வீட்டில் டிவிக்குப் பூட்டு, என் வாய்க்கும் பூட்டு.

பரீட்சை தொடங்குவதற்குச் சில நாள் முன்பு, அப்பா தானே புத்தூருக்குப் போய் ஓர் இராசவள்ளிக் கிழங்கோடு வந்து நின்றார்.

"இஞ்சேர், உதிலை கொஞ்சம் களி காய்ச்சித் தாறியே?"

அம்மா அகப்பையும் கையுமாகத் திகைத்துப்போனார். "உங்களுக்கென்ன விசரே? சுகமா இருக்கேக்கையே உதைத் தொடமாட்டியள்."

"வருத்தக்காரனுக்கு நாக்கு மாறுமப்பா."

"டொக்டர் உதைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை."

"கூடாதெண்டும் சொல்லேல்லையே."

அம்மாவுக்கு அன்று முழுக்க அதே யோசனைதான். இது உருளைக்கிழங்கின் இனமா, மரவள்ளியின் இனமா? வெட்டிப் பார்த்தார். நாவற்பழச் சாறு ஊறியதுபோல ஊதாவாக இருந்தது, ஆனால் தும்பில்லை. கனடாவிலிருக்கும் பெரியம்மாவுக்கு வீடியோவில் எடுத்துக் கிழங்கைக் காட்டினார். பெரியம்மா இன்னொரு போனில் தேடி வாசித்தார்.

"லேசாச் செமிக்குமாம் எண்டு ஒராள் எழுதியிருக்கு. வயித்தை ஊதப்பண்ணுமாம் எண்டு இன்னொராள். எதுக்கும் நல்லா அவிச்சு வடிச்சுக் குடு."

இதைக் கேட்கவா கனடாவுக்கு எடுத்தோம் என்று அம்மா முணுமுணுத்தார். பிறகு பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டு கிழங்கை அவித்து, மசித்து, வெள்ளைத் துணியில் வடித்து, தண்ணிப்பாலும் சீனியும் விட்டுக் காய்ச்சினார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். ருசியில் கண் மூடுகிறார் என்று நினைத்தேன். சட்டியை வழித்துத் தின்றது நான்.

அடுத்தநாள் கிணற்றடியில் அப்பாவின் சாரத்தைத் தோய்த்த அம்மா ஐயோ என்று கத்தினார். சாரத்தில் கறுப்பாக ஒரு கறை.

அப்பா ஓடிவந்தார். "கத்தாதை! பிள்ளை படிக்கிறாள். உது கிழங்கின்ரை நிறம். நாவற்பழம் திண்டால் நாக்குக் கறுக்கிறேல்லையே?"

அம்மா கறையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். கிணற்றுக்கட்டில் இருந்து அழுதார், பிறகு சிரித்தார், பிறகு அந்தப் பாழாய்ப்போன கிழங்கைத் திட்டினார். நாலைந்து நாள் போயும் அப்பாவுக்கு வயிற்றுக்குத்து என்ற பேச்சில்லை. இராசவள்ளி அவருக்கு ஒத்துக்கொள்கிறது என்று வீட்டில் தீர்ப்பாயிற்று. அவரும் விடாமல் கேட்டார், அம்மாவும் சலிக்காமல் காய்ச்சினார். அவர் முகம் வெளுத்துக்கொண்டே வந்ததை மார்கழிக் குளிரின் கணக்கில் போட்டோம்.

அக்காவுக்கு இன்னும் ஒரு பாடம் மிச்சமிருக்கும்போது அப்பா வாழைத்தோட்டத்தில் விழுந்தார். ஓட்டோவில் ஏற்றினார்கள், ஆனால் ஆஸ்பத்திரி போய்ச் சேருமட்டும் உயிர் நிற்கவில்லை. கனநாளாக இரத்தம் போயிருக்கிறது என்றார்கள் அங்கே. அக்கா கடைசிப் பாடத்தை எழுதத்தான் செய்தாள். வீங்கிய கண்ணோடு போய் எழுதினாள். பெறுபேறு வந்தபோது அதைப் பற்றி யாரும் கதைக்கவில்லை.

செத்தவீட்டில் அம்மா நெஞ்சிலடித்து ஒப்பாரி வைத்தார். "இந்த மனுசன் ருசிக்கே கேட்டது? நிறத்துக்கெல்லே கேட்டது! நான் பாவி, வடிச்சு வடிச்சுக் குடுத்தேனே!" களி காய்ச்சியதற்கு ஏன் இப்படி அழுகிறார் என்று எனக்கு விளங்கவேயில்லை.

அந்தக் களியை நானும் தினம் தின்றவள்தான். அப்பா விழுவதற்கு முந்திய வாரம், பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டுக்கொண்டு அவரிடம் கேட்டிருந்தேன்.

"அப்பா, நானும் களி திண்டனான்தானே? எனக்கேன் கறுப்பாப் போகேல்லை?"

அப்பா, அம்மா சமைத்துக்கொண்டு நின்ற குசினிப் பக்கம் பார்த்தார். அக்காவின் அறைப் பக்கமும் பார்த்தார். குனிந்து என் தலையைத் தடவினார். கை சில்லென்று இருந்தது.

"உனக்கு நல்ல வயிறு பிள்ளை. அதுதான்."

அன்று வகுப்பில் ஒருத்தி விடாமல் எல்லாரிடமும் சொன்னேன், எங்கள் வீட்டிலேயே எனக்குத்தான் நல்ல வயிறு என்று.