ஹலோ அக்காவுக்கு ஒரு கேமரா

முகத்தைச் சரிசெய்வதுதான் என் தொழில். பாஸ்போர்ட் படம், அடையாள அட்டைப் படம், பெண் பார்க்க அனுப்பும் படம் என்று இருபத்தெட்டு வருடமாக ஸ்டூடியோ நடத்துகிறேன். ஒரு கண் சிறுத்தவர், மூக்கு கோணியவர், கழுத்தைச் சாய்த்தே உட்காருகிறவர் என்று எத்தனையோ பேர் என் ஸ்டூலில் உட்கார்ந்து எழுந்திருக்கிறார்கள். முகவாயை இப்படித் திருப்பி, விளக்கை அப்படித் தள்ளி, எல்லோரையும் நேராக்கி அனுப்பிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. அந்தத் திமிரோடுதான் அன்று காலை என் அக்கா வீட்டிலும் வேலை பார்த்தேன்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். பெரிய மருத்துவமனை ஒன்றின் தொலைபேசி அறையில் இருபத்திரண்டு வருடம் இருந்தாள். அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத அறை. காதில் ஹெட்போன், முன்னால் பொத்தான் பலகை, பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் பாட்டில். மருத்துவமனைக்கு யார் போன் செய்தாலும் முதலில் கேட்பது அவள் குரல்தான். மாடியில் இருந்த டாக்டர்களில் பாதிப் பேருக்கு அவள் முகம் தெரியாது, பெயரும் தெரியாது. எல்லோருக்கும் அவள் 'ஹலோ அக்கா'.

கண்ணை மூடிக்கொண்டுதான் போன் எடுப்பாள். தூங்குகிறாள் என்று ஒரு புது மேலாளர் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார். "கண்ணு திறந்திருந்தா காது பாதிதான்டா வேலை செய்யும்" என்பாள் என்னிடம். எதிர்முனையில் நாலு வார்த்தை வருவதற்குள் எந்தப் பிரிவுக்கு லைன் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்துவிடுவாள். கண் டாக்டர் எத்தனை மணிக்கு வருவார் என்று சாதாரணமாகக் கேட்ட ஒரு பெரியவரை, நாக்கு தடிக்கிற மாதிரி இருக்கிறது என்று சொல்லி நேராக அவசரப் பிரிவுக்குத் தள்ளிவிட்டாள். அவர் பிழைத்துக்கொண்டார். அக்காவுக்குக் கண் பிரிவிலிருந்து ஒரு வசவு கிடைத்தது, அவ்வளவுதான்.

பிறகு இயந்திரம் வந்தது. அதற்குக் குரல் வேண்டுமென்று அவளையே கூப்பிட்டார்கள். 'அவசரப் பிரிவுக்கு எண் ஒன்றை அழுத்தவும்' தொடங்கி 'தங்கள் அழைப்புக்கு நன்றி' வரை ஒரு மதியம் முழுக்கப் பேசிக் கொடுத்தாள். இரண்டாவது மாதம் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நானாக இருந்தால் மைக்கைப் பிடுங்கி எறிந்திருப்பேன். அவளோ, "பதிவு நல்லா வந்திருக்குடா, ஒரு பிசிறு இல்ல" என்றாள். இப்படிப்பட்டவளோடு யார் சண்டை போடுவது?

எட்டு மாதம் வீட்டில் இருந்தாள். அத்தான் போய் நாலு வருடம் ஆகிறது. ஒரே மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். பேச ஆளில்லாமல் அக்கா வாடிப்போனாள். கீழ்வீட்டுத் தையல்காரரின் பூனையிடம் "கொஞ்சம் லைனில் இருங்க" என்று சொல்வதை என் காதால் கேட்டேன். அப்போதுதான் வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் விற்கிற ஒரு கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. வாடிக்கையாளர் புகார்களை வீட்டிலிருந்தே கேட்டுத் தீர்த்துவைக்கும் வேலை. கடைசி மூன்று பேரில் அவள் ஒருத்தி. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வீடியோவில் நேர்காணல்.

"முகத்தைப் பாத்துத்தான் எடுப்பாங்களாம்டா. இருபத்திரண்டு வருஷம் என் மூஞ்சிய யாரும் கேக்கல. இப்ப போய் கேக்கறாங்க" என்றாள் போனில். பயந்திருந்தாள். இந்த வேலை அவளுக்கு வேண்டும். அவ்வளவு ஆசையோடு அவள் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

"மூஞ்சிய என்கிட்ட விடு" என்றேன்.

வெள்ளிக்கிழமை எட்டரைக்கே பெரிய பையோடு போய் இறங்கினேன். மடிக்கணினியில் இருக்கும் கேமரா, வெப்கேமரா ஒன்று, என் செல்போனும் அதற்கு ஒரு தாங்கியும், கடைசியாக ஸ்டூடியோ கேமரா. நான்கையும் கணினியில் இணைத்துப் பதிவு செய்வேன்; நான்கிலும் அவள் ஒரே வாக்கியத்தைப் பேச வேண்டும். எது நன்றாக வருகிறதோ அதை வைத்துக்கொள்வது என்று திட்டம். கடையில் புது விளக்கு வாங்கினாலும் நான் இப்படித்தான் சோதிப்பேன். வாக்கியத்தையும் நானே எழுதிக் கொடுத்தேன்: "வணக்கம். இருபத்திரண்டு ஆண்டுகள் மருத்துவமனைத் தொலைபேசிப் பிரிவில் பொறுப்பாகப் பணியாற்றியிருக்கிறேன்."

முதல் பதிவு மடிக்கணினியில். கேமரா கீழே இருந்ததால் மூக்குத் துவாரமும் மின்விசிறியும்தான் தெரிந்தன. "என்னடா இது, கிணத்துக்குள்ள இருந்து பாக்கற மாதிரி இருக்கு" என்று சிரித்தாள். அவள் பத்திரப்படுத்தி வைத்திருந்த பழைய தொலைபேசிப் புத்தகங்கள் நான்கை அடுக்கி, மேலே கணினியை ஏற்றிக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். இரண்டாவது, வெப்கேமரா. முகம் மஞ்சளடித்தது. டியூப்லைட்டை அணைத்து நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பினேன். இதற்குள் ஒன்பதேகால் ஆகிவிட்டது. எழுந்துபோய்க் காபி போட்டுக்கொண்டு வந்தாள். அவள் கோப்பை சாய்ந்து தட்டில் கொஞ்சம் கொட்டியது.

"என்னக்கா, கை நடுங்குதா? நேர்காணல்தானே, தூக்குமேடையா?" என்றேன். ஜோக் அடித்தேனாம்.

மூன்றாவது செல்போன். படத்தை ஓட்டிப் பார்த்தபோது வாயின் இடது ஓரம் கொஞ்சம் இறங்கியிருந்தது. நான் பெரிய மேதை அல்லவா, உடனே காரணம் கண்டுபிடித்தேன். செல்போன் லென்ஸ் கிட்டத்தில் வைத்தால் முகத்தை இழுக்கும். தொழில் தெரிந்த எவனும் அதைத்தான் சொல்வான். ஸ்டூடியோ கேமராவை எடுத்தேன். அதிலும் இறங்கித்தான் இருந்தது. அப்படியானால் வெளிச்சம். இடப்பக்கம் நிழல் விழுகிறது என்று முடிவு செய்து, வெள்ளைத் தெர்மோகோல் அட்டையை அந்தப் பக்கம் நிறுத்தினேன். கொஞ்சம் பரவாயில்லை. முகவாயைப் பிடித்து இடது பக்கம் பின்வாங்குகிற மாதிரி திருப்பினேன். இன்னும் பரவாயில்லை. தலையை லேசாகச் சாய்க்கச் சொன்னேன். கேமராவையும் ஒரு நூல் சாய்த்தேன். கோணல் மறைந்துவிட்டது.

பேச்சில் வேறு ஏதோ இடித்தது. 'பொறுப்பாக' என்ற இடத்தில் வார்த்தை வழுக்கியது.

"மைக் சரியில்லக்கா" என்றேன்.

"நானும் அதான் நெனச்சேன்" என்றாள்.

கேபிளை மாற்றினேன். பிறகும் வழுக்கியது. சட்டையில் மாட்டுகிற சின்ன மைக்கை எடுத்துக் கொடுத்தேன். அவள் இடது கையால் அதைக் குத்தப் பார்த்தாள், இரண்டு முறை நழுவியது. நானே வாங்கிக் குத்திவிட்டேன். கேட்டுக்கொள்ளுங்கள், நானே வாங்கிக் குத்திவிட்டேன்.

ஐந்தாவது பதிவு பத்து ஐந்துக்கு முடிந்தது. படம் அவ்வளவு அழகு. பின்னால் புத்தக அலமாரி லேசாக மங்கி, முகத்தில் ஜன்னல் வெளிச்சம் பதமாக விழுந்து, அக்கா பத்து வயது குறைந்து தெரிந்தாள். கடைவாசலில் மாட்டலாம் போல இருந்தது.

"வேலை உனக்குத்தான் போ" என்றேன்.

"படம் கெடக்கட்டும். குரல் எப்படி இருக்குன்னு பாப்போம், ஹெட்போனக் குடு."

மாட்டிக்கொண்டு வழக்கம்போலக் கண்ணை மூடினாள். ஓட்டினேன். முடிந்ததும் விரலைச் சுழற்றினாள், மறுபடி ஓட்டு என்று. ஓட்டினேன். இரண்டாம் முறை முடிந்த பிறகும் கண்ணைத் திறக்கவில்லை.

"தம்பி, இந்தப் பொம்பளை போன் பண்ணியிருந்தா நான் பேரு கூட கேட்டிருக்க மாட்டேன். நேரா அவசரப் பிரிவுக்குத்தான் லைன் குடுத்திருப்பேன்."

எனக்குப் புரியவில்லை. சத்தியமாகப் புரியவில்லை. மைக்கில் இன்னும் என்ன குறை என்று கேபிளைக் குனிந்து பார்த்தேன்.

"மைக் இல்லடா" என்றாள். "நான்."

நிமிர்ந்து பார்த்தேன். கேமராவை விட்டுவிட்டு, திரையை விட்டுவிட்டு, அன்று காலை முதல்முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தேன். இடப்பக்கம் கன்னம் தொங்கிப்போயிருந்தது. அரை மணி நேரமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துப் பார்த்து மறைத்துக்கொண்டிருந்தேன். 

"நம்ம நம்பருக்குப் போடு" என்றாள். மருத்துவமனை எண்ணை அவளே சொன்னாள், ஒவ்வொரு இலக்கமாக, நிறுத்தி நிறுத்தி. ஒரே ஒரு முறை மணி ஒலித்தது. எடுத்தது அக்கா.

"வணக்கம். தங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது. அவசரப் பிரிவுக்கு எண் ஒன்றை அழுத்தவும்."

ஒரு பிசிறு இல்லை. கண்ணாடி மாதிரி இருந்தது அந்தக் குரல். ஒரு காதில் அது, எதிரே நாற்காலியில் இது. இவ்வளவு வித்தியாசத்தைக் காலையிலிருந்து மைக்கின் தலையில் கட்டியிருக்கிறேன். பொத்தானை அழுத்தக்கூடத் தோன்றாமல் நின்றேன். வெளிநோயாளிகளுக்கு எண் இரண்டு, ஆய்வகத்துக்கு எண் மூன்று என்று அந்த அக்கா நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனாள்.

"ஒண்ணு" என்றாள் இந்த அக்கா, குழறிக்கொண்டு. "ஒண்ண அழுத்துடா."

அழுத்தினேன். ஆம்புலன்ஸ் பன்னிரண்டு நிமிடத்தில் வந்தது. தையல்காரரும் நானும் பிடிக்க, படியில் இறக்கினோம். தூக்குப் படுக்கையில் கிடந்தபடி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஏதோ முக்கியமாகச் சொல்கிறாள் என்று குனிந்தேன்.

"கம்பெனிக்காரங்களுக்கு ஒரு வார்த்த சொல்லிடு. லைன்ல காக்க வெக்கக் கூடாது."

மருத்துவமனையில் ஒரு இளம் டாக்டரம்மா ஓடிவந்து, "மூளைக்குப் போற ரத்தக் குழாய் அடைச்சிருக்கு. கடைசியா எப்ப நல்லா இருந்தாங்க? தோராயமா வேணாம், சரியான நேரம் சொல்லுங்க. அடைப்பக் கரைக்கிற மருந்து போடலாமா வேணாமாங்கறது அதுலதான் இருக்கு" என்றார்.

கணினியைக் கையோடு எடுத்து வந்திருந்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியாது. திறந்து காட்டினேன். எட்டு ஐம்பத்திரண்டு, சிரிக்கிறாள். ஒன்பது பத்து, நன்றாக இருக்கிறாள். ஒன்பது முப்பத்தி நாலு, வாய் இறங்கியிருக்கிறது. "அப்போ ஒன்பது பத்துன்னு வெச்சுக்கறேன். நேரம் இருக்கு" என்று டாக்டரம்மா உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். மீதிப் பதிவுகளையும் பார்த்தார். எல்லாவற்றிலும் பின்னணியில் என் குரல் கேட்டது. முகத்தக் கொஞ்சம் திருப்புக்கா. அட்டையக் கிட்ட கொண்டு வரேன். தலையச் சாய். ஆ, இப்ப சரி, இப்ப தெரியல.

ஐந்தாவதைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். "இதுல நார்மலா இருக்காங்களே, எப்படி?"

"மறைச்சிட்டேன்" என்றேன். "போட்டோ எடுக்கறது என் தொழில்."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். கணினியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்து என் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவற்றை என்ன செய்வதென்றே தெரியவில்லை. பதினோரு மணிக்குக் கணினியில் அந்தக் கம்பெனியின் அறை திறந்தது. விண்ணப்பதாரருக்காகக் காத்திருக்கிறோம் என்று எழுத்து வந்தது. நடந்ததை நாலு வரியில் தட்டிவிட்டேன். மாலையில் பதில் வந்தது: குணமானதும் எழுதுங்கள், பார்க்கலாம். மரியாதைக்குச் சொன்னார்களா, நிஜமாகவே சொன்னார்களா என்று எனக்குத் தெரியவில்லை.

மருந்து சரியான நேரத்தில் போயிருந்தது. ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தாள். இடது கையில் பிடி இன்னும் முழுசாக வரவில்லை. வாய் ஓரம் பாதி ஏறியிருக்கிறது. பேச்சுதான் மெதுவாகத் திரும்புகிறது. பயிற்சி கொடுக்க வரும் பெண், யாராவது தெளிவாகப் பேசுவதைக் கேட்டுக் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிறவர்களை வைத்துக் கொடுத்தேன். ரெண்டு நிமிடம் கேட்டாள். "இவனுக்கே நாக்கு சரியில்ல" என்று அணைத்துவிட்டாள்.

இப்போது தினமும் காலை பத்து மணிக்கு மருத்துவமனைக்குப் போன் போடுகிறாள். ஒலிபெருக்கியில் வைத்து, கண்ணை மூடிக்கொள்கிறாள். வணக்கம் என்கிறது அது. வணக்கம் என்கிறாள் இவள். எண் ஒன்றிலிருந்து ஒன்பது வரை வரிவரியாகப் பின்தொடர்கிறாள். 'பிரிவுக்கு' பரவாயில்லை. 'அழுத்தவும்' இன்னும் வழுக்குகிறது. நேற்று அந்தக் கம்பெனிக்கு எழுதச் சொன்னாள், அடுத்த மாதம் தயார் என்று. எந்தக் கேமரா வைக்கட்டும் என்று கேட்கவே எனக்கு வாய் வரவில்லை. அவளே சொன்னாள்: "புத்தகத்து மேல கணினிய வெச்சு நேரா வை. எதையும் திருப்பாத."

எல்லா எண்ணும் சொல்லி முடித்த பிறகும் இவள் எதையும் அழுத்துவதில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, அந்தப் பழைய குரல் பொறுமையாகச் சொல்கிறது: "தாங்கள் எந்த எண்ணையும் அழுத்தவில்லை. மீண்டும் முயற்சி செய்யவும்."

"மீண்டும்" என்கிறாள் அக்கா. "முயற்சி. செய்யவும்."

பிறகு போனை வைத்துவிட்டு, மறுபடி அதே எண்ணைப் போடுகிறாள்.