கம்ப்யூட்டருக்குப் பத்து வயது

தொண்ணூறுகளின் நடுவில், புனேயின் கேம்ப் பகுதியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதும் தூசி தட்டுவதும் என் வேலை. அதே வாரம், ஆட்களுக்கு ஓட்டிக் காட்டுவதற்கென்று ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. "துடைக்கலாம், தட்டக் கூடாது" என்றார் கடை முதலாளி சேட்.

அவர் சாப்பிடப் போகும் முக்கால் மணி நேரமும் நான் தட்டினேன். மராத்தி மீடியத்தில் பத்தாவது படித்தவள் நான். ஆங்கிலக் கையேட்டையும் அகராதியையும் மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகக் கடந்தேன். ஒருநாள் வந்தவர் கேட்ட கேள்விக்குக் கடையில் யாருக்கும் பதில் தெரியவில்லை. நான் போய்ச் செய்து காட்டினேன். அடுத்த வாரம் தண்ணீர் கொடுக்க வேறொரு அம்மாள் வந்தார். நான் விற்பனைக்கு மாறினேன்.

நாலைந்து வருஷத்தில் அந்தக் கம்ப்யூட்டரைப் பழைய சாமான்காரருக்குப் போட முடிவு செய்தார்கள். தீபாவளிக்குக் கடையில் எங்களுக்கெல்லாம் புடவை உண்டு. "எனக்குப் புடவை வேண்டாம், அதைக் கொடுங்கள்" என்று சேட்டிடம் கேட்டு வாங்கினேன். ஆட்டோவில் கட்கியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கியதும் அம்மா கத்தினாள். "ஊரே புதுசு கட்டுது. நீ இன்னாத்துக்குடி இந்தப் பொட்டியத் தூக்கிக்கினு வந்து நிக்கிற?"

வெடிமருந்து ஃபேக்டரியில் வேலை பார்த்த அப்பா மட்டும் டிவியை நகர்த்தி இடம் பண்ணினார்.

பிறகு கடைக்குப் புது மேனேஜர் வந்தார். ஊருக்கு வெளியே ஹிஞ்சேவாடியில் ஐடி கம்பெனிகள் பெருகிக்கொண்டிருந்த காலம். யாராவது மூன்று வருஷ மெஷினைக் கொண்டுவந்தால், "இதன் ஆயுள் முடிந்தது, புதுசு வாங்குங்கள்" என்று நாங்கள் சொல்ல வேண்டும். என் வாயில் அது வரவில்லை. எல்லார் முன்னாலும் மேனேஜர் என்னைக் கேலி செய்தார்: "மேடம் வீட்டில் மியூசியம் வைத்திருக்கிறார்."

அன்றே முடிவு செய்தேன். என் கம்ப்யூட்டருக்குப் பத்து வருஷம் நிறையப்போகிறது, கடையிலேயே கொண்டாடுவேன். எனக்கும் அங்கே பத்து வருஷம்தான். அது யாருக்கும் நினைவில்லை, நானும் சொல்லவில்லை.

பேக்கரியில் கேக் சொன்னபோது, "பச்சே கா நாம்?" என்று குழந்தையின் பெயரைக் கேட்டார்கள். "கம்ப்யூட்டர் என்று எழுதுங்கள்" என்றேன். இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் எழுதினார்கள்.

சனிக்கிழமை மதியம், கூட்டம் நிற்கும் நேரம். வீட்டிலிருந்து கொண்டுவந்த பழுப்பேறிய மானிட்டரையும் பெட்டியையும் முன் மேசையில் வைத்து சுவிட்சைப் போட்டேன். கறுப்புத் திரையில் எண்கள் ஓடின, ஒரு 'பீப்' சத்தம், உயிர் வந்துவிட்டது. கேக்கைப் பக்கத்தில் வைத்து, "இதற்கு இன்று பத்து வயது" என்றேன். ஜனங்கள் கைதட்டினார்கள்.

"பந்த் கரோ யே தமாஷா!", இந்தக் கூத்தை நிறுத்து என்று மேனேஜர் உள்ளேயிருந்து ஓடிவந்தார்.

அவர் அறையில் புதுசுக்கு விலை பேசிக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரும் பின்னாலேயே வந்தார். "இது பத்து வருஷம் ஓடுகிறதா? என்னுடையதற்கு நாலுதானே ஆகிறது?" என்று மராத்தியில் கேட்டார்.

"உங்களுக்குப் புதுசு வேண்டாம், டீச்சர். மெமரி மட்டும் கூட்டினால் போதும்" என்றேன்.

மேனேஜர் முகம் சிவந்துவிட்டது. "இனிமேல் வேலைக்கு வராதே."

நான் கேக்கை வெட்டி முதல் துண்டை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. டீச்சர் வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை வழக்கம்போல் பஸ் ஏறிப் போய் என் இடத்தில் நின்றேன். மேனேஜர் சேட்டுக்கு போன் போட்டார். சேட் வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அது இன்னும் ஓடுகிறதா?" என்று மட்டும் என்னிடம் கேட்டார். ஓடுகிறது என்றேன். வேலை போகவில்லை. ஆனால் மேனேஜர் என்னை மாடியில் ரிப்பேர் பகுதிக்குத் தள்ளினார். தண்டனை என்று நினைத்திருப்பார். அந்த வாரமே டீச்சர் தன் மெஷினோடு என்னைத் தேடி மாடி ஏறினார். அவர் சொல்லி இன்னும் பலர் ஏறினார்கள்.

மன்னிப்புக் கடிதம் எழுதித் தரச் சொல்லி மேனேஜர் மூன்று முறை ஆள் அனுப்பினார். நான் எழுதவில்லை.